என்னைவிடத் துயரப்பட்டவன் உண்டா?

துக்க வீட்டில் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு என்பது என் நெடுநாளைய எண்ணம். "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர் இருக்காங்க, அவங்களை நினைச்சுப் பாரு" என்பதுதான் அது. அத்தான் இறந்து காரியங்கள் முடிவதற்குள் அந்த வாக்கியத்தை நாங்கள் பல குரல்களில் கேட்டுவிட்டோம். "உனக்காவது தோளுக்கு வளர்ந்த பையன் இருக்கான், எங்க தெருவுல ஒருத்தி கைக்குழந்தையோட நிக்கிறா" என்று ஒரு பெரியம்மா சொன்னபோது அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். பெரியம்மா நல்ல மனுஷி. முட்டிவலியோடு பஸ் மாறி வந்து, வந்ததிலிருந்து அடுப்படியில் நின்று எல்லோருக்கும் காப்பி போட்டவர். ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற தவிப்பில்தான் அதைச் சொன்னார். அன்று ராத்திரி அக்கா என்னிடம் கேட்டாள்: "அந்தக் கைக்குழந்தைக்காரி பாவம்தான். அவளுக்காக அழச் சொன்னா அழறேன். ஆனா அவ அழறான்னு நான் எதுக்குடி அழாம இருக்கணும்?"

அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. நான் மிகவும் நேசிக்கும் ஒரு புத்தகத்தோடு என்னைச் சண்டைக்கும் இழுத்தது. வியாச பாரதத்தில் எனக்குப் பிடித்த பகுதி வன பர்வம். நாட்டை இழந்தாகிவிட்டது, போர் இன்னும் தொலைவில் இருக்கிறது, நடுவில் பன்னிரண்டு வருஷம் காடு. அந்தக் காட்டுக்கு முனிவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். வந்து கதை சொல்கிறார்கள். 1942-இல் வெளிவந்த புணே ஆய்வுப் பதிப்பில் இந்தப் பர்வத்துக்கு 299 அத்தியாயங்கள். அவற்றில் ஏறக்குறையப் பாதி முனிவர்கள் வாயிலாக வரும் கதைகளும் உபதேசங்களும்தான். எங்கள் வீட்டில் கும்பகோணம் பதிப்பு இருந்தது. சிறுவயதில் அதில் நான் தேடிப் படித்தது சண்டைக் காட்சிகளை. வயது ஏற ஏற இந்தக் காட்டுக் கதைகள்தான் இழுக்கின்றன. ஆனால் அவற்றுள் பெரும்புகழ் பெற்ற நளன் கதை தொடங்குவதே பெரியம்மாவின் வாக்கியத்திலிருந்துதான். உன்னைவிடத் துயரப்பட்டவன் ஒருவன் இருந்தான், கேள். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு இதை எப்படி ஏற்றுக்கொள்வது? முனிவர் சொன்னால் சரி, பெரியம்மா சொன்னால் தப்பு என்று விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

கேட்டவன் தருமன்

அந்த இடத்தை மறுபடி நிதானமாகப் படித்தேன். அர்ச்சுனன் தெய்வ ஆயுதங்கள் தேடி இந்திரனிடம் போய்விட்டான். மற்றவர்கள் காம்யக வனத்தில் இருக்கிறார்கள். பீமனுக்குப் பொறுக்கவில்லை. பதின்மூன்று வருஷம் எதற்குக் காத்திருக்க வேண்டும், இப்போதே போய் அடிப்போம் என்கிறான். அதோடு அண்ணனின் நெஞ்சில் தைக்கும்படி இன்னொன்றும் சொல்கிறான். இந்தக் காலக்கெடு முடிந்து திரும்பினால் துரியோதனன் உன்னை மறுபடியும் சூதுக்குக் கூப்பிடுவான், கூப்பிட்டால் நீ மறுக்க மாட்டாய், உனக்கு ஆடவும் தெரியாது, மறுபடியும் எல்லாம் போகும். தருமன் தம்பியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போது பிருகதசுவர் என்ற முனிவர் வந்து சேர்கிறார்.

வந்தவருக்கு மதுபர்க்கம் கொடுத்து உபசரிக்கிறான் தருமன். அவர் களைப்பாறும் வரை காத்திருக்கிறான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையை அவனே சொல்கிறான். சூது அறியாத என்னை வஞ்சகர்கள் அழைத்து ஏமாற்றினார்கள், என் மனைவியைச் சபைக்கு இழுத்தார்கள், எங்களைக் காட்டுக்குத் துரத்தினார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கேட்கிறான்: என்னைவிடப் பாக்கியம் கெட்ட அரசன் ஒருவனை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா, கேட்டதாவது உண்டா? என்னைவிடத் துயரப்பட்ட மனிதன் கிடையாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புகழேந்தியின் நளவெண்பாவும் தருமனின் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது என்பதால் தமிழில் படித்தவர்களுக்கும் இது பழகிய இடம்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியவன் தருமன். முனிவர் தாமாக யாரையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தவில்லை. துயரத்தில் இருக்கிறவன் தானே உலகத்தையெல்லாம் அளந்து, தன்னுடையதுதான் பெரிது என்று ஒரு முடிவுக்கு வந்து, அதைக் கேள்வியாக வைக்கிறான். அக்கா எங்களிடம் அப்படி எதையும் கேட்கவில்லை. அவள் அளவுகோலை எடுக்கவே இல்லை. அவள் கையில் நாங்கள் திணித்தோம். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்ததும் பாதிச் சண்டை தீர்ந்தது போல இருந்தது.

மீதிப் பாதி இன்னும் சுவாரசியமானது. பிருகதசுவர் முதலில் சுருக்கமாகத்தான் பதில் சொல்கிறார். நிடத நாட்டில் நளன் என்று ஓர் அரசன் இருந்தான், சூதில் நாட்டைத் தோற்றுக் காட்டில் அலைந்தான், அவனுக்குக் குதிரை இல்லை, தேர் இல்லை, தம்பி இல்லை, உறவு இல்லை. உன்னைச் சுற்றியோ தேவர்களுக்கு ஒப்பான தம்பிகளும் வேதியர்களும் இருக்கிறார்கள், ஆகையால் நீ வருந்தத் தகாது. இது அப்படியே பெரியம்மாவின் பேச்சுதான். சில சுலோகங்களில் முடிந்துவிடுகிறது. இதோடு அவர் எழுந்து போயிருந்தால் தருமனும் அக்காவைப் போலவே உள்ளே போயிருப்பான். ஆனால் அவன் சொல்கிறான்: நளனுடைய சரிதத்தை விரிவாகக் கேட்க விரும்புகிறேன். ஆறுதலை அவன் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. கதையைத்தான் கேட்கிறான். இருபத்தொன்பது அத்தியாயங்களுக்கு முனிவர் உட்கார்ந்து சொல்கிறார்.

நளன் வைக்காத பந்தயம்

அந்த நீண்ட கதை, முதலில் சொன்ன சுருக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. சுருக்கத்தில் நளன் வெறும் எடுத்துக்காட்டு. விரிவில் அவன் தருமனின் புண்ணைத் தொட்டுத் தொட்டு நகர்கிறான். சூதாட்டத்தில் நளன் எல்லாவற்றையும் தோற்ற பிறகு எதிரே இருக்கும் புஷ்கரன் சிரித்துக்கொண்டு கேட்கிறான்: உன்னிடம் தமயந்தி ஒருத்திதான் மிச்சம், வேண்டுமானால் அவளைப் பந்தயம் வைத்து ஆடலாமா? நளனுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பில் இருந்த நகைகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஒற்றை ஆடையோடு எழுந்து வெளியேறுகிறான்.

இதை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் முனிவர்? மனைவியைப் பந்தயம் வைத்த ஒருவனிடம். அவளும் அந்த ஆசிரமத்தில்தான் இருக்கிறாள். பீமன் இருக்கிறான். முனிவர் இந்த இடத்தில் நிறுத்தி, "பார்த்தாயா, அவன் வைக்கவில்லை" என்று ஒரு சொல் சொல்வதில்லை. தருமனும் குறுக்கே ஒன்றும் கேட்பதில்லை. கதை அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. ஆறுதல் சொல்ல வந்தவர் இப்படி ஒரு முள்ளையும் கதைக்குள் விட்டுவைப்பாரா என்று எனக்கு வியப்பாக இருந்தது. அதே நளன் அடுத்த அத்தியாயத்திலேயே, தூங்கிக்கொண்டிருக்கும் தமயந்தியின் சேலையில் பாதியை அறுத்துக் கட்டிக்கொண்டு, நடுக்காட்டில் அவளை விட்டுவிட்டுப் போகிறான். போகிறான், திரும்பி வருகிறான், மறுபடி போகிறான். தருமன் செய்யாத குற்றம் அது. ஒருவன் செய்ததை இன்னொருவன் செய்யவில்லை, இவன் செய்ததை அவன் செய்யவில்லை. இரண்டையும் வைத்து யாருடைய துயரம் பெரிது, யாருடைய தப்புப் பெரிது என்று இனி அளக்க முடியாது. கேள்வியாக வந்த அளவுகோல் கதையின் நடுவிலேயே உடைந்துபோகிறது. அதை உடைக்க இருபத்தொன்பது அத்தியாயங்கள் தேவைப்பட்டன என்றே நான் படிக்கிறேன்.

பிறகு அந்தத் தான்றி மரம். கார்க்கோடகன் என்ற பாம்பு தீண்டி உருமாறிப்போன நளன், வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். விதர்ப்பத்துக்குத் தேர் பறக்கிறது. மன்னனின் மேலாடை விழுகிறது, நிறுத்து என்கிறான், அது ஒரு யோசனை தூரம் பின்னால் போய்விட்டது என்கிறான் வாகுகன். தன் வித்தையையும் காட்ட வேண்டும் என்று மன்னனுக்குத் தோன்றுகிறது. வழியில் நின்ற தான்றி மரத்தைப் பார்த்து, அதன் இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலைகளும் 2095 காய்களும் இருக்கின்றன என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி இறங்கிவிடுகிறான். எண்ணிப் பார்க்காமல் நகர மாட்டேன் என்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. குதிரை வித்தையைக் கொடுத்துச் சூதின் உள்ளறிவை, அட்ச ஹ்ருதயத்தை, வாங்கிக்கொள்கிறான். அது உள்ளே போன கணத்தில், அவனைப் பிடித்து ஆட்டிவைத்த கலி விஷத்தைக் கக்கிக்கொண்டு அவன் உடம்பிலிருந்து வெளியேறுகிறான். வெளியேறிய கலி போய் ஒளிவது அந்தத் தான்றி மரத்திலேயே. திரிபலாவுக்காக நாம் நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் அதே தான்றிக்காய்தான் வேத காலத்தில் சூதாடு காய். நளனைக் கெடுத்த பொருள் விளைகிற மரத்தடியிலேயே அவனுக்கு விடுதலை கிடைக்கிறது. கதை சொன்னவர்களுக்கு மரம் தெரிந்திருக்கிறது, காய் தெரிந்திருக்கிறது, சூதாடியின் மனமும் தெரிந்திருக்கிறது.

கதை முடிகிறது. நளன் மறுபடி ஆடி, ஒரே வீச்சில் நாட்டை வென்று, புஷ்கரனை மன்னித்து அனுப்புகிறான். இங்கே ஒரு சாதாரண உபதேசி நிறுத்தியிருப்பார். பிருகதசுவர் நிறுத்தவில்லை. சூதில் வல்லவன் எவனாவது என்னை மறுபடியும் கூப்பிடுவானே என்று உனக்கு ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயத்தை நான் போக்குகிறேன், எனக்கு அட்ச ஹ்ருதயம் முழுதும் தெரியும், பெற்றுக்கொள் என்கிறார். பீமன் சொல்லி நெஞ்சில் தைத்த முள் அதுதான். முனிவர் வருவதற்கு முன் நடந்த பேச்சு அது. அவருக்கு அது எப்படித் தெரியும் என்று மூலம் விளக்குவதில்லை. ஆனால் இத்தனை அத்தியாயங்கள் ஒருவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சூதாட்டக் கதை சொன்னவருக்கு, எந்த இடத்தில் அவன் முகம் வெளுத்தது என்று தெரியாமலா இருந்திருக்கும்? கதைக்குள் இருதுபன்னன் நளனுக்குக் கொடுத்ததைக் கதைக்கு வெளியே முனிவர் தருமனுக்குக் கொடுக்கிறார். விராட பர்வத்தில் கங்கன் என்ற பெயரில் தருமன் சூதாடிப் பிழைக்கும்போது இந்த அறிவுதான் அவனுக்குச் சோறு போடுகிறது. ஜெயித்ததை விராடனுக்குத் தெரியாமல் தம்பிகளுக்குக் கொடுத்தான் என்றும் வருகிறது.

நடந்துகொண்டே சொன்னவர்கள்

பாரதத்தின் முனிவர்களை நம் உபன்யாச மேடைகள் ஏதோ விடையை மட்டும் வைத்துக்கொண்டு திரிகிறவர்களாகக் காட்டிவிட்டன. மூலத்தில் அவர்கள் நேரம் உள்ளவர்கள், நடக்கிறவர்கள், இரவு தங்குகிறவர்கள். லோமசர் வரும்போது முதலில் அர்ச்சுனன் நலமாக இருக்கிறான் என்ற செய்தியைக் கொண்டுவருகிறார். கதை அப்புறம். பாண்டவர்களைத் தீர்த்த யாத்திரைக்குக் கூட்டிப்போகும் முன், சுமையைக் குறைத்துக்கொள், கூட்டத்தைக் குறைத்துக்கொள், அப்போதுதான் இஷ்டம்போல நடக்க முடியும் என்று தருமனிடம் சொல்கிறார். பிறகு ஆற்றங்கரைக்கு ஆற்றங்கரை, இது இன்னார் இருந்த இடம் என்று காட்டிக் காட்டிச் சொல்கிறார். அகத்தியரும் லோபாமுத்திரையும், சியவனரும் சுகன்யையும், சிபி, அஷ்டாவக்கிரர் எல்லாம் இப்படி வழிநடையில் வருகிறவர்கள். ராமாயணத்திலும் விசுவாமித்திரர் சோணை நதிக்கரையில் ராமனிடம் தம் குலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, நான் கதை சொல்லிப் பாதி ராத்திரி போய்விட்டது, தூங்கு, நாளைக்கு நடக்க வேண்டும் என்கிறார். பெரிய முனிவர் ஒருவரை என் தாத்தாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்த வரி அது.

லோமசர் சொல்லும் கதைகளில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது யவக்கிரீதன் கதை. பரத்வாஜரின் மகன். குருவிடம் போய்க் கால்கடுக்க நின்று வேதம் கற்க அவனுக்குப் பொறுமை இல்லை. தவத்தால் ஒரேயடியாக வாங்கிவிடலாம் என்று நெருப்பை மூட்டிக்கொண்டு உட்காருகிறான். இந்திரன் ஒரு கிழவனாக வந்து கங்கையில் பிடிப்பிடியாக மணலைப் போடுகிறான். என்ன செய்கிறீர் என்று கேட்டால் பாலம் கட்டுகிறேன் என்கிறான். நடக்கிற காரியமா என்று யவக்கிரீதன் சிரிக்கிறான். நீ செய்வது நடக்குமென்றால் இதுவும் நடக்கும் என்கிறான் கிழவன். அப்படியும் அவன் பிடிவாதமாக வரத்தை வாங்கிவிடுகிறான், அந்த வரமே அவனை ஆணவத்தில் தள்ளி அழிக்கிறது. குருவைத் திருப்திப்படுத்தி, நெடுங்காலம் வருந்திக் கற்ற ரைப்யரின் கல்வியோ நிலைத்து நிற்கிறது. கற்றது எவ்வளவு என்பதைவிட யாரிடமிருந்து, எவ்வளவு நேரம் எடுத்துக் கற்றோம் என்பதைத்தான் இந்தக் கதை பெரிதாக வைக்கிறது. நாலு சுலோக ஆறுதலை நம்பாமல் விரிவாகக் கேட்ட தருமனுக்கு இது புரிந்திருக்கும்.

இதில் இன்னொன்றும் கவனித்தேன். முனிவர்கள் சொல்லும் கதைகளில் அதிகம் சறுக்கி விழுகிறவர்களும் முனிவர்கள்தான். மிதிலையில் சதானந்தர் ராமனுக்கு விசுவாமித்திரரின் கதையைச் சொல்கிறார். அவருடைய கோபம், பொறாமை, மேனகையிடம் தவம் இழந்தது எல்லாம் வருகிறது. விசுவாமித்திரர் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மார்க்கண்டேயர் சொல்லும் கௌசிகன் கதையில், பார்வையால் ஒரு கொக்கை எரித்த தவசி பிச்சைக்கு வந்து வாசலில் நிற்கிறான். புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிற அந்த வீட்டுக்காரி, நான் கொக்கில்லை என்று சொல்லி, தருமம் தெரிய வேண்டுமானால் மிதிலையில் இறைச்சி விற்கும் ஒருவனிடம் போ என்று அனுப்புகிறாள். போய், கசாப்புக் கடை வாசலில் நின்று கற்றுக்கொள்கிறான். நம் ஊரில் இது வாசுகியம்மையாரும் கொங்கணரும் ஆகி, "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்று வீட்டுக்கு வீடு புழங்கும் சொல்லாகிவிட்டது. தங்கள் கூட்டத்தின் ஆணவத்தைத் தாங்களே கதையாக்கிச் சொல்ல முடிந்ததால்தான் இவர்கள் வாயில் உபதேசம் கசப்பதில்லை என்று நினைக்கிறேன்.

அதே கேள்வி, மறுபடியும்

என்னைப் புரட்டிப்போட்ட இடம் பர்வத்தின் பிற்பகுதியில் வருகிறது. நளன் கதை கேட்டாகிவிட்டது. லோமசரோடு தீர்த்தங்கள் எல்லாம் சுற்றியாகிவிட்டது. அர்ச்சுனன் திரும்பி வந்துவிட்டான். பல்லாயிரம் வருஷம் வாழ்ந்தும் பார்வைக்கு இருபத்தைந்து வயதுக்காரர் போல இருக்கும் மார்க்கண்டேயர் வந்து, பிரளயத்தையும் மனுவின் மீனையும் ஆலமரக் கிளையில் கிடந்த குழந்தையையும் சொல்லியாகிவிட்டது. இத்தனைக்கும் பிறகு ஒரு நாள், பாண்டவர்கள் வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில் ஜயத்ரதன் வந்து திரௌபதியைத் தூக்கிக்கொண்டு போகிறான். துரத்திப் பிடித்து மீட்கிறார்கள். பீமன் அவன் தலையைச் சிரைத்து ஐந்து குடுமி வைக்கிறான். தருமன் அவனை உயிரோடு விடச் சொல்கிறான். அதன் பிறகு மார்க்கண்டேயர் முன் உட்கார்ந்து தருமன் கேட்கிறான்: என்னைவிடப் பாக்கியம் கெட்ட மனிதன் ஒருவனை நீங்கள் பார்த்ததுண்டா, கேட்டதாவது உண்டா?

ஏறக்குறைய அதே சொற்கள். பிருகதசுவரிடம் கேட்ட அதே கேள்வி. இத்தனை வருஷக் கதைகளும் எங்கே போயின? முதல்முறை கவனித்தபோது எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. புதிய அடி விழும்போது பழைய ஆறுதல் எதுவும் கைகொடுக்காது என்று தெரிந்த யாரோதான் இதை இப்படி அமைத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், மார்க்கண்டேயரின் பதில். "இதைத்தான் ஏற்கெனவே கேட்டாயே, நளன் கதையை மறந்துவிட்டாயா" என்று அவர் சொல்வதில்லை. கேள்வியை முதல்முறை கேட்பவர் போலக் கேட்டுக்கொள்கிறார். ராமன் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். மனைவியை ஒருவன் தூக்கிப்போன அன்றைக்கு, மனைவியை ஒருவன் தூக்கிப்போன கதை. முடிவில் அவரும் அந்த ஒப்பீட்டைச் சொல்லத்தான் செய்கிறார். ராமனுக்குத் துணை குரங்கும் கரடியும், உனக்கு இந்தத் தம்பிகள் இருக்கிறார்கள், வருந்தாதே.

அதற்குத் தருமன் சொல்லும் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மகாமுனியே, நான் எனக்காக வருந்தவில்லை, இந்தத் தம்பிகளுக்காகவும் இல்லை, போன நாட்டுக்காகவும் இல்லை, இந்தத் துருபதன் மகளுக்காக வருந்தும் அளவுக்கு எதற்காகவும் நான் வருந்தவில்லை. சூதாட்டத்தில் துஷ்டர்கள் எங்களை வதைத்தபோது எங்களைக் கரையேற்றியவள் இவள். இவளைப் போல ஒரு பெண்ணை நீங்கள் பார்த்ததுண்டா, கேட்டதாவது உண்டா?

கேள்வியின் சட்டகம் அப்படியே இருக்கிறது. பார்த்ததுண்டா, கேட்டதுண்டா. ஆனால் நடுவில் இருந்த "என்னைவிட" போய்விட்டது. அந்த இடத்தில் திரௌபதி இருக்கிறாள். நளன் பந்தயம் வைக்க மறுத்த இடத்தை அன்றைக்கு மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், இத்தனை காலம் கழித்து, அவள் எங்களைக் கரையேற்றினாள் என்று வாய்விட்டுச் சொல்கிறான். அவன் துயரம் குறைந்துவிட்டது என்று மூலம் சொல்லவில்லை. துயரம் திரும்பிப் பார்க்கும் திசை மாறியிருக்கிறது. முனிவர்கள் யாரும், உன்னையே நினைத்துக்கொண்டிருக்காதே, பக்கத்தில் இருப்பவளைப் பார் என்று அவனிடம் உபதேசித்ததாகவும் இல்லை. அவர்கள் சொன்னது தமயந்தியை, சுகன்யையை, சீதையை. ஒவ்வொரு கதையிலும் காட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு ஒரு நாள் தன் ஆசிரமத்தில் இருப்பவள் அவன் கண்ணில் பட்டாள். மார்க்கண்டேயர் பதிலாகச் சொல்வது சாவித்திரியின் கதை. எமன் பின்னாலேயே நடந்து, ஏழடி சேர்ந்து நடந்தவர்கள் நண்பர்கள் என்று பேச்சைத் தொடங்கி, பேசிப் பேசியே புருஷனின் உயிரை மீட்டுவருகிறவள். வாதாடத் தெரிந்த பெண்ணைப் பற்றிக் கேட்டவனுக்கு, எமதருமனையே பேச்சால் வென்றவளைச் சொல்கிறார்.

வன பர்வம் முடிவதற்குள் இன்னொரு காட்சி இருக்கிறது. நச்சுப் பொய்கைக் கரையில் நான்கு தம்பிகளும் விழுந்து கிடக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவனை இப்போது யட்சன் கேள்வி கேட்கிறான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு, ஒருவனை மட்டும் எழுப்பித் தருகிறேன், யார் வேண்டும் என்கிறான். போரில் தனக்குத் தேவை பீமனும் அர்ச்சுனனும். தருமன் நகுலனைக் கேட்கிறான். குந்திக்கு நான் ஒருவன் உயிரோடு இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்கட்டும் என்கிறான். கேட்டுக் கேட்டு வளர்ந்த மனசு என்ன செய்யும் என்பதற்கு இந்தப் பதிலைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். இந்தப் பாரதம் முழுவதும் சொல்லப்படுவதுகூட, பாம்பு தீண்டி இறந்த அப்பனுக்காகப் பாம்புக் குலத்தையே நெருப்பில் போட்டுக்கொண்டிருக்கும் ஜனமேஜயனுக்குத்தான். அந்த வேள்வியின் இடைவேளைகளில் வைசம்பாயனர் சொல்கிறார். வியாசர் தம் சீடனைச் சொல்ல விட்டு உட்கார்ந்து கேட்கிறார். எரிந்துகொண்டிருக்கும் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து நீளமாகச் சொல்வது என்பது இவர்களுக்கு ஏதோ ஒரு கதையில் வரும் சம்பவம் இல்லை, நூலின் அமைப்பே அதுதான்.

இத்தனையும் சொன்ன பிறகும் இந்த முனிவர்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிருகதசுவரும் மார்க்கண்டேயரும் திரௌபதியிடம் திரும்பி, உனக்கு என்ன சொல்லட்டும் அம்மா என்று கேட்கவில்லை. நளன் கதையும் ராமன் கதையும் சாவித்திரி கதையும் தருமனுக்குத்தான் சொல்லப்பட்டன. சபையில் இழுபட்டவள், தூக்கிச் செல்லப்பட்டவள் அவள். கதை கேட்டவன் அவன். அவள் தன் துயரத்தை இதே பர்வத்தின் ஆரம்பத்தில் கிருஷ்ணனிடம் கொட்டி அழுதாள். கணவனோடு வாதாடும்போது தான் கற்றது எங்கே என்றும் ஓரிடத்தில் சொல்கிறாள். அப்பா வீட்டில் ஒரு பிராமணர் அண்ணன்மார்களுக்குப் பிருகஸ்பதியின் நீதியைச் சொல்லிக்கொடுத்தாராம். இவள் அப்பா மடியில் உட்கார்ந்து அதைக் காதில் வாங்கிக்கொண்டாளாம். பாடம் அண்ணன்களுக்கு, கதைகள் கணவனுக்கு. இரண்டையும் பக்கத்தில் இருந்து கேட்டே அவள் அத்தனை பெரிய வாதக்காரி ஆனாள். நளன் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்த இடத்தைக் கேட்டபோது அவளுக்கு என்ன தோன்றியது என்று எந்த முனிவரும் கேட்டு வைத்திருந்தால், வன பர்வத்துக்கு 300-ஆவது அத்தியாயம் ஒன்று இருந்திருக்கும். நான் முதலில் படிக்கப்போவது அதைத்தான்.